முதுகுக்கு ஒரு வசனம்

இருட்டின பிறகு மேலே இருந்து ஒரு சத்தம் வந்தது என்கிறீர்கள். நாய் ஊளையிடுகிற மாதிரி ஆரம்பித்து, அதன் கழுத்தை யாரோ மிதித்த மாதிரி சட்டென்று நின்றுபோனது என்கிறீர்கள். சரியாகச் சொன்னீர்கள் அக்கா. எங்கள் சவுண்ட் இன்ஜினியர் தேவராஜ் அண்ணன்கூட இவ்வளவு சரியாகச் சொல்லமாட்டார். அது நாயில்லை, நான்தான். பயப்பட ஒன்றுமில்லை. உள்ளே வாருங்கள். செருப்போடு வரலாம், இன்னும் பெருக்கவில்லை.

அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்கள். இத்தனை வருஷமாக ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிறோம், நீங்கள் எங்கள் வீட்டுக்குள் வருவது இதுதான் முதல் தடவை. உங்கள் பெயர் வனஜா என்பதே சிலிண்டர் போடுகிறவர் கீழே நின்று கூப்பிடுவதை வைத்துத்தான் எனக்குத் தெரியும். என் பெயர் ஜெசிந்தா. வீட்டில் ஜெசி. இவள் செலின். ஆன்ட்டிக்கு வணக்கம் சொல்லு செலின். சொல்லமாட்டாள். யாராவது வந்தால் இப்படித்தான், கையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பாள். மூன்று வயசு ஆகப்போகிறது. இப்படிச் சத்தமே போடாத பிள்ளையைப் பார்த்ததில்லை என்று இந்த அபார்ட்மென்ட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். அந்த விஷயத்தில் நான் கொடுத்துவைத்தவள்.

காபி போடுகிறேன். வேண்டாம் என்று சொல்லாதீர்கள். இன்றைக்கு எங்கள் வீட்டுக்காரர் ஊரிலிருந்து வருகிறார், எப்படியும் பால் காய்ச்சியாக வேண்டும். பல மாசமாக ஓசூரில் வேலை. இப்போது திரும்பச் சென்னைக்கே மாற்றிவிட்டார்கள். பூந்தமல்லி தாண்டிவிட்டேன் என்று சற்று முன்னால்தான் போன் பண்ணினார். அங்கிருந்து சாலிகிராமத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்? டிராஃபிக்கைப் பொறுத்தது, இல்லையா. அதுவரைக்கும் இருங்கள். சும்மாதான் சொல்கிறேன், உங்களுக்கு அவசரமில்லை என்றால்.

நான் டப்பிங் பேசுகிறவள். வடக்கேயிருந்து வருகிற கதாநாயகிகளுக்குத் தமிழ் வராது. அவர்கள் வாயை அசைப்பார்கள், நான் பேசுவேன். என் முகத்தைப் பார்த்து யாருக்கும் ஒன்றும் தெரியாது. காய்கறிக் கடையில் 'அரை கிலோ கத்தரிக்காய்' என்று சொன்னால் மட்டும் சில பேர் திரும்பிப் பார்ப்பார்கள். எங்கேயோ கேட்ட குரல் என்று யோசிப்பார்கள், அப்புறம் கத்தரிக்காயைப் பொறுக்கப் போய்விடுவார்கள்.

பூசணி என்று ஒரு படம் வந்ததே, பார்த்தீர்களா? பேய்ப் படம் மாதிரி, ஆனால் பேய் கிடையாது. கொலைகாரன். கட்டுகிற வீட்டு முன்னால் திருஷ்டி பொம்மை தொங்கவிடுவார்களே, பல்லும் நாக்கும் முறுக்கு மீசையுமாக, அந்த முகத்தை முகமூடியாகப் போட்டுக்கொண்டு வருவான். கொலை செய்வதற்கு முன்னால் அந்த வீட்டு வாசலில் குங்குமம் தடவின பூசணிக்காய் ஒன்றை உடைப்பான். காலையில் பால்காரர் வந்து பார்த்தால் வாசலெல்லாம் சிவப்பு. எது குங்குமம், எது மற்றது என்று தெரியாது. கடைசியில் தாரிணி என்று ஒரு பெண் மட்டும் தப்பிப்பாள். அவளுக்குத்தான் நான் குரல் கொடுத்தேன். முகமூடியைக் கழற்றினால் அவன் யார்? அவளுக்கு நிச்சயம் பண்ணியிருந்த பையன். கிணற்றில் விழுந்துவிடுவான். பிணம் கிடைக்காது. பிணம் கிடைக்கவில்லை என்றால் இரண்டாம் பாகம் வரும் என்று அர்த்தம், வேறொன்றுமில்லை.

வந்தது. டைரக்டர் அதே ஆள்தான், இளமாறன். என்னைவிடச் சின்னப் பையன். இந்தத் தடவை பயமுறுத்தினால் மட்டும் போதாதுக்கா, பயமுறுத்துகிற படங்களையே கிண்டல் பண்ணணும் என்றான். அதனால் கதையில் வருகிறவர்கள் எல்லோரும் இந்த மாதிரிப் படங்களை நிறையப் பார்த்தவர்கள். கரண்ட் போனால் எவளாவது மெழுகுவர்த்தியோடு பின்பக்கம் போவாளா, போனில் டார்ச் இல்லையா என்று ஒருத்தி கேட்பாள். 'யாரது' என்று மட்டும் கேட்காதீர்கள், நான்தாம்மா கொலைகாரன் என்று எவனும் பதில் சொல்லப்போவதில்லை என்பான் இன்னொருவன். காமெடியன் இடைவேளை முடிகிறவரைக்கும் பாத்ரூம் போகவே மாட்டான். தப்பிக்கும்போது கார் ஸ்டார்ட் ஆகாது என்று தெரிந்து ஒருத்தன் சைக்கிள் வாங்கி வைத்திருப்பான். செயின் கழன்றுவிடும். அதற்குத் தியேட்டரில் நல்ல சிரிப்பு.

தாரிணிக்கு ஒரு பெரிய சீன் உண்டு. எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லுவாள். கதவைத் திறக்காதீங்க. அழுதாலும் திறக்காதீங்க, மன்னிப்புக் கேட்டாலும் திறக்காதீங்க. செத்துப்போனவன் திரும்பி வந்தா அவன் திருந்தி வரலை, ரெண்டாம் பாகத்துக்கு வந்திருக்கான். நான் அதை ஒரே டேக்கில் பேசினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லோரும் கை தட்டினார்கள். அப்படி ஒரு தெளிவு என் குரலில் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. எழுதிக்கொடுத்ததைப் படித்தேன், அவ்வளவுதான்.

சர்க்கரை போதுமா?

சத்தத்தைப் பற்றிச் சொல்ல வந்தேன். கத்துகிற இடங்களை எப்போதும் கடைசியில்தான் எடுப்பார்கள். முதலிலேயே கத்திவிட்டால் தொண்டை போய்விடும், அப்புறம் வசனம் பேசமுடியாது. அதனால் படம் முழுக்கப் பேசி முடித்துவிட்டுக் கடைசி நாள் உட்கார்ந்து கத்த வேண்டும். ஓடிக்கொண்டே கத்துவது, விழும்போது கத்துவது, பார்த்துவிட்டுக் கத்துவது. இதில் கஷ்டமானது வாயைப் பொத்தின கத்தல். கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருப்பாள், கத்தவும் வேண்டும், அவனுக்குக் கேட்கவும் கூடாது. மற்றவர்கள் கையை வைத்து நிஜமாகவே வாயைப் பொத்திக்கொள்வார்கள், மைக்கில் உம் என்று ஒன்று விழும், அவ்வளவுதான். எனக்குக் கை வேண்டாம். உள்ளேயே கத்துவேன். எங்கேம்மா கத்துக்கிட்ட என்று தேவராஜ் அண்ணன் ஒரு தடவை கேட்டார். கான்வென்ட்டில் என்றேன்.

பொய்யில்லை. தூத்துக்குடியில் ஹாஸ்டலில் இருந்தேன். விளக்கு அணைத்த பிறகு ஒருத்தி சிரித்தால் வரிசை முழுக்க முட்டி போட வேண்டும். அதனால் தலையணையைக் கடித்துக்கொண்டு சிரிப்போம். சிரிப்பை விழுங்கத் தெரிந்துவிட்டால் மற்றதையும் விழுங்கலாம். சிஸ்டர்கள் எங்களை நன்றாகத்தான் வளர்த்தார்கள். நடந்தால் செருப்புச் சத்தம் வரக்கூடாது, கதவைச் சாத்தினால் சத்தம் வரக்கூடாது, ஸ்பூன் தட்டில் படக்கூடாது. கல்யாணத்துக்கு அது எவ்வளவு உதவியாக இருந்தது தெரியுமா.

முதல் பாகத்துக்கும் இரண்டாம் பாகத்துக்கும் நடுவில் எனக்கு முன்பல் ஒன்று போயிற்று. இதோ, இது கட்டினது. பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன். எல்லோரும் அங்கேதான் விழுவார்கள். மற்றவர்களுக்குப் பல் போனால் பல்தான் போகும், எங்களுக்குப் பிழைப்பே போய்விடும். கட்டின பிறகும் 'ச' சொன்னால் சின்னதாக ஒரு விசில் வருகிறது. உங்களுக்குக் கேட்காது, மைக்குக்குக் கேட்கும். இரண்டாம் பாகத்தில் தாரிணிக்கு அதே குரல் இருந்தாக வேண்டுமே. தேவராஜ் அண்ணன் முதல் பாகத்தைப் போட்டுக் கேட்பார், என்னைப் பேசச் சொல்லிக் கேட்பார், திரும்பவும் அதைக் கேட்பார். ஒரே பொண்ணுதான், ஆனா நடுவுல இவளுக்கு என்னமோ ஆயிருக்கே என்றார். பல் என்றேன். வழுக்கி விழுந்தேன் என்றேன். நாக்கைக் கொஞ்சம் உள்ளே இழுத்துப் பேசும்மா என்று மட்டும் சொன்னார். அப்படியே பேசிப் பேசி இப்போது வீட்டிலும் நாக்கை உள்ளே இழுத்துத்தான் பேசுகிறேன்.

பல் போன பிறகு கொஞ்ச நாள் செலினைத் தூக்கிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போய் அம்மா வீட்டில் இருந்தேன். நீங்கள் கவனித்திருப்பீர்கள், வீடு பூட்டிக் கிடந்தது. அப்புறம் இரண்டு குடும்பமும் சர்ச்சில் பங்கு ஃபாதர் முன்னால் உட்கார்ந்து பேசினார்கள். எட்வின், எங்கள் வீட்டுக்காரர், அழுதார். நன்றாக அழுவார். ஆம்பிளை அழுதால் எங்கள் அம்மாவுக்குத் தாங்காது, அவளும் அழுதாள். மாமனார் கூட மூக்கைத் துடைத்துக்கொண்டார். நான் அழவில்லை, அதை என் மாமியார் குறிப்பாகக் கவனித்து எல்லோரிடமும் சொன்னார். கல்நெஞ்சுக்காரி என்றார். எட்வின் என் கையைப் பிடித்துக்கொண்டு, புதுசா ஆரம்பிப்போம் ஜெசி, பழசுக்கும் இதுக்கும் சம்பந்தமே இருக்காது என்றார். இரண்டாம் பாகம் எடுக்கிறவர்கள் எல்லோரும் பேட்டியில் இதையேதான் சொல்கிறார்கள்.

அவர் மோசமான ஆளில்லை அக்கா. குடிப்பதில்லை. சிகரெட் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பூசையைத் தவறவிடமாட்டார். கோபம் வந்தால் கொஞ்சம் கை நீளும், யாருக்குத்தான் கோபம் வருவதில்லை. நாங்கள் சேர்வது என்று முடிவான உடனே ஓசூருக்குப் போட்டுவிட்டார்கள், அதனால் புதுசாக ஆரம்பிப்பது தள்ளிக்கொண்டே போயிற்று. இன்றைக்குத்தான் ஆரம்பம். அம்மா போனில் சொன்னாள், கதவைத் திறக்கும்போது சிரிச்ச முகமா இரு என்று. காலையிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் சிரிக்கிறது. டப்பிங் பேசின மாதிரி இருக்கிறது, வாய் ஒருத்தியுடையது, மற்றது வேறொருத்தியுடையது.

வாசலில் ஏதாவது சத்தம் கேட்டதா? இல்லை, எதிர் வீட்டு நாடா கட்டில். அந்த வீட்டுக்காரர் உட்கார்ந்தாலே அப்படி ஒரு சத்தம்.

இந்தப் படத்தில் ஒரு வேடிக்கை நடந்தது, அதைச் சொல்கிறேன், இருங்கள். கிளைமாக்ஸில் தாரிணி வீட்டுக்குள் பூட்டிக்கொண்டு தனியாக இருக்கிறாள். வாசலில் பூசணிக்காய் உடைகிறது. கதவைத் தட்டுகிறான், பேர் சொல்லிக் கத்துகிறான். அவள் போய்க் கதவைத் திறந்துவிடுகிறாள். படம் எடுக்கும்போது யாரும் ஒன்றும் கேட்கவில்லை. திறந்தால்தான் சண்டை, சண்டை இருந்தால்தான் கிளைமாக்ஸ். எல்லாம் முடிந்து தெரிந்தவர்களுக்குப் போட்டுக் காட்டினபோது எல்லோரும் ஒரே கேள்வி. திறக்காதே திறக்காதே என்று படம் முழுக்கச் சொன்னவள் எதற்காகத் திறக்கிறாள்? இளமாறனுக்கு முகம் சுருங்கிவிட்டது. மற்ற படங்களில் பெண்கள் முட்டாள்தனமாகக் கதவைத் திறக்கிறார்கள் என்று கிண்டல் பண்ணிப் படம் எடுத்தவன், தன் படத்திலேயே ஒருத்தி ஏன் திறக்கிறாள் என்று தெரியாமல் முழித்தான். திரும்ப எடுக்கமுடியாது. செட்டைப் பிரித்தாகிவிட்டது, தாரிணியாக நடித்த பெண் சண்டிகருக்குப் போய் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டுவிட்டாள்.

ஒரே ஒரு வழிதான் இருந்தது. அவள் கதவுக்குப் போகும்போது கேமரா பின்னால் இருக்கிறது. முகம் தெரியாது, முதுகுதான் தெரியும். முதுகு தெரிகிற ஷாட் எங்கள் தொழிலில் காலி மனை மாதிரி. உதடு தெரியாததால் எந்த வசனத்தை வேண்டுமானாலும் அதன் மேல் போடலாம். கதையில் எங்கே ஓட்டை விழுந்தாலும் முதுகை வைத்துத்தான் அடைப்பார்கள். நீங்கள் பார்க்கிற படங்களில் யாராவது திரும்பி நின்றுகொண்டு, அப்பா நேத்தே ஊருக்குப் போயிட்டார் என்று சொன்னால், அது டப்பிங்கில் சேர்த்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் என்னைக் கூப்பிட்டு மைக் முன்னால் நிறுத்திவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஐந்தாறு ஆம்பிளைகள் உட்கார்ந்து, அவள் ஏன் திறக்கிறாள் என்று யோசித்தார்கள். பேசுகிற பட்டனை அணைக்க மறந்துவிட்டார்கள், எல்லாம் என் ஹெட்போனில் கேட்டது. பால்காரர் என்று நினைத்துத் திறக்கிறாள் என்றான் ஒரு உதவி டைரக்டர். ராத்திரியில் எந்தப் பால்காரர் என்று இன்னொருவன் கேட்டான். வெளியே நாய்க்குட்டி மாட்டிக்கொண்டது என்று ஒருத்தன். நாய்க்குட்டியே படத்தில் கிடையாது. அவள் மனசுக்குள் இன்னும் அவன்மேல் காதல் இருக்கிறது என்றார் தயாரிப்பாளரின் மச்சான். அதற்கு எல்லோரும் தலையாட்டிவைத்தார்கள், பணம் போடுகிறவருடைய மச்சான் என்பதால். டீ வந்தது. குடித்தார்கள். எனக்கும் ஒன்று உள்ளே அனுப்பினார்கள்.

கடைசியில் இளமாறன் என்னிடம் கேட்டான். அக்கா, நீங்க சொல்லுங்க, ஒரு பொண்ணு எதுக்குக் கதவைத் திறப்பா?

ஷாட்டைப் போடுங்க தம்பி என்றேன். போட்டார்கள். கதவு அதிர்கிறது, அவன் கத்துகிறான், அந்த முதுகு நடந்து போகிறது. நான் யோசிக்கவில்லை அக்கா. எழுதிவைத்ததைப் படிக்கிற மாதிரி வந்தது. குரலைத் தாழ்த்தி, வேகமாக, கெஞ்சுகிற மாதிரி.

"வந்துட்டேன், வந்துட்டேன். உள்ள வந்து பேசிக்கலாம். வெளிய நின்னு கத்தாதீங்க, கீழ் வீட்ல கேக்கும்."

அந்தப் பக்கம் ஷாட்டைத் திரும்ப ஓட்டிக் கேட்டார்கள். அப்புறம் இளமாறன் சிரிக்க ஆரம்பித்தான். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். கழுத்தை வெட்டவந்தவனைப் பார்த்துக் கீழ் வீட்டுக்குக் கேட்கும் என்கிறாளே, இதுக்கு மேல என்னக்கா காமெடி வேணும் என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரே ஒரு தப்பு இருந்தது. படத்தில் அது தனி வீடு. கீழ் வீடே கிடையாது. எனக்கு எப்படிக் கீழ் வீடு என்று வந்தது என்று தெரியவில்லை. 'பக்கத்து வீட்ல' என்று மாற்றி இன்னொரு தடவை பேசினேன், அதுதான் படத்தில் இருக்கிறது.

தேவராஜ் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. உள்ளே வந்து மைக்கைச் சரி பண்ணினார். மைக் சரியாகத்தான் இருந்தது. தண்ணி குடிக்கிறியாம்மா என்று கேட்டார். இப்போதுதான் டீ குடித்தேன் அண்ணா என்றேன். நீ முதல்ல பேசினதை அழிக்காம வச்சிருக்கேன் என்றார். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. வயசாகிறது அவருக்கும்.

படம் வந்ததும் செலினை விளையாட்டுப் பள்ளியில் விட்டுவிட்டு மதியக் காட்சிக்கு நான் தனியாகப் போனேன். அந்த வசனத்துக்குத்தான் படத்திலேயே பெரிய சிரிப்பு. சிரிப்பில் அடுத்த இரண்டு வசனம் யாருக்கும் கேட்கவில்லை, அதுவும் நான் பேசினதுதான். என் முன் வரிசையில் ஒருத்தர் அதைத் தன் மனைவியிடம் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்தார், குரலை என்னைப் போலவே ஆக்கிக்கொண்டு. அந்தம்மா அவர் கையைத் தொட்டு, மெல்லப் பேசுங்க, சுத்தி இருக்கவங்க பாக்குறாங்க என்றார்கள்.

இப்போது சின்னப் பையன்களெல்லாம் போனில் அதற்கு வாயசைத்துப் போடுகிறார்கள். நம் வாட்ச்மேன் மகன்கூடப் போட்டிருக்கிறான். முந்தானை மாதிரி துண்டைப் போட்டுக்கொண்டு, பெண் மாதிரி நடந்து போய்க் கதவைத் திறக்கிறான். நன்றாகச் செய்திருக்கிறான்.

எட்வினும் ஓசூரில் படம் பார்த்தார். இடைவேளையிலேயே போன் பண்ணிவிட்டு, முடிந்ததும் மறுபடி பண்ணினார். நல்ல மூடில் இருந்தார். அந்த டயலாக் பிரமாதம் ஜெசி, தியேட்டரே உருண்டுச்சு, யார் எழுதினது என்று கேட்டார். டைரக்டர் என்றேன். பயங்கர ஆளு அவன் என்றார். கொஞ்ச நேரம் சிரித்தார். எனக்கு அவர் சிரிக்கிறது பிடிக்கும், கல்யாணமான புதுசில் அதற்காகவே ஏதாவது சொல்வேன். அப்புறம் அவர் சொன்னார்.

"ஆனாலும் அவ சரியான பைத்தியக்காரிடி. வெளிய நிக்குறவன் எதுக்கு வந்திருக்கான்னு தெரியுது. எதுக்குத் திறக்குறா?"

லைன் கட்டாயிடுச்சா என்று கேட்டார். இல்லை, இருக்கேன் என்றேன்.

எத்தனை தடவை அந்த வாக்கியத்தை அவரிடமே சொல்லியிருப்பேன். சாவியைத் தேடிக்கொண்டே அவர் வெளியே நின்று கத்த ஆரம்பிப்பார், நான் ஓடி வந்து இந்தக் கதவைத் திறந்து அவருடைய முகத்துக்கு நேராகச் சொல்வேன். அவருக்கு ஞாபகமே இல்லை. கோபத்தில் இருக்கும்போது நாம் சொல்வது அவர்கள் காதில் விழுவதில்லை போலிருக்கிறது. அவர்மேல் தப்பில்லை. ஆனால் அன்றிலிருந்து சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் அவர் கேட்ட கேள்விதான் வருகிறது. எதுக்குத் திறக்குறா. அவரே கேட்டுவிட்டாரே. நான் ஒரு பதில் கண்டுபிடித்து வைக்க வேண்டாமா.

குடியுங்கள் அக்கா, காபியில் ஆடை படிந்துவிட்டது. வேறு டம்ளரில் ஊற்றித் தரட்டுமா?

சற்று முன்னால் நான் எதற்குக் கத்தினேன் என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் பிராக்டிஸ் என்று சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். நாளைக்கு எனக்கு ரெக்கார்டிங் எதுவும் கிடையாது. அவர் போன் வந்ததும் பாத்ரூமுக்குள் போனேன், ஜன்னலைத் திறந்துவைத்துக் கத்திப் பார்த்தேன். கீழே கேட்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான். முழுசாக வரவில்லை. பாதியிலேயே தானாக நின்றுவிட்டது, பழக்கம் அப்படி. ஆனாலும் உங்களுக்குக் கேட்டிருக்கிறது. நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

முன்னால் உங்களுக்கு ஒன்றும் கேட்டிருக்காது. கேட்காமல் நான்தான் பார்த்துக்கொண்டேன். சில நாள் உங்கள் வீட்டில் டிவி சத்தம் திடீரென்று கூடும். சீரியலில் நல்ல கட்டம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அந்த நேரத்தில் அது எனக்கு உதவியாகத்தான் இருந்தது. இங்கே விழுகிறது வெளியே போகாது. நீங்கள் ஏன் தலையைக் குனிகிறீர்கள்? நான் குறையாகச் சொல்லவில்லை அக்கா. அழாதீர்கள். இந்தாருங்கள், இது துவைத்த துண்டுதான்.

என்ன சொன்னீர்கள்? சத்தமாகச் சொல்லுங்கள்.

கேட்டது என்கிறீர்கள்.

எல்லா நாளுமா?

ம்.

அப்படியென்றால் இத்தனை நாளாக நான் யாருக்குக் கேட்கக்கூடாது என்று.

இருங்கள், கீழே ஆட்டோ நிற்கிறது. அவர்தான். மீட்டருக்கு மேல கேக்குறியா என்று சண்டை போடுகிறார் பாருங்கள், அவர் குரல்தான். நல்ல மூடில் இல்லை. செலின், ஆன்ட்டி பக்கத்தில் போய் நில்லு. ஆன்ட்டி புடவையைப் பிடித்துக்கொள்.

நீங்கள் கிளம்ப வேண்டாம். அவர் வந்துவிட்டார், நான் போகிறேன் என்றுதான் எல்லோரும் எழுந்திருப்பார்கள். உட்காருங்கள். இல்லை, எழுந்திருங்கள். இங்கே வாருங்கள், கதவுப் பக்கம்.

அவரிடம் சாவி இருக்கிறது. அதனால் பூட்டு பிரயோஜனமில்லை. இந்தக் குறுக்குத் தாழ்ப்பாள் ஒன்றுதான். நான் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து இதைப் போட்டதே கிடையாது. சாவி போட்டும் கதவு திறக்கவில்லை என்றால் அவருக்குப் பிடிக்காது, என் வீட்டுக்குள் வர நான் மணியடிச்சு நிக்கணுமா என்பார். பெயிண்ட் அடிக்க வந்தவர்கள் இதன் மேலேயே அடித்துவிட்டுப் போய்விட்டார்கள், பாருங்கள், ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கதவும் இறங்கியிருக்கிறது. நீங்கள் கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்குங்கள், அப்போதுதான் நிலையில் இருக்கிற துளைக்கு நேராக வரும். இன்னும் கொஞ்சம்.

முதல் மாடி ஏறிவிட்டார். பெட்டி படியில் இடிக்கிறது.

வரவில்லை. அசையமாட்டேன் என்கிறது. அந்தக் கரண்டியை எடுங்கள். இல்லை, அது வளையும், பூரிக்கட்டை, அடுப்புக்குப் பக்கத்தில். சத்தம் வந்தால் வரட்டும். தட்டினால்தான் பெயிண்ட் விடும்.

ஜெசி என்கிறார். மெல்லமாகத்தான் கூப்பிடுவார் முதலில். சாவியைத் தேடுகிறார். பதில் சொல்ல வேண்டாம், நீங்களும் சொல்லாதீர்கள்.

இப்போது தூக்குங்கள் அக்கா. தோளால் கதவை அழுத்திக்கொண்டு தூக்குங்கள். கத்த ஆரம்பித்துவிட்டார். எதிர் வீட்டில் கதவு திறக்கிறது, கேட்கிறதா? மூன்றாவது மாடியிலும் யாரோ வருகிறார்கள். விட்டுவிடாதீர்கள், சாவி திரும்புகிறது, இன்னும் ஒரு விரல் அளவு, இன்னும்.

போட்டாயிற்று.